சுக்கான் பிடித்த நான்கு நாட்கள்

மணிக்கு நான்கு மைலுக்கு மேல் படகு ஓட்டக் கூடாது என்பது இங்கிலாந்துக் கால்வாய்களின் விதி. நாங்கள் அந்த வேகத்தைக்கூட எட்டவில்லை. கரையில் நாயுடன் நடந்து வந்த ஒரு மூதாட்டி எங்களுக்குக் கையசைத்துவிட்டு முந்திச் சென்றுவிட்டார்!

பர்மிங்காமில் வாழும் என் மகன், "நாலு நாள் படகில் போய் வருவோம், வாப்பா" என்று அழைத்தபோது நான் ஆர்வம் காட்டவில்லை. 2020 ஏப்ரலில் அவனுடைய உம்மா வஃபாத்தானாள். விமானங்கள் நின்றுபோயிருந்த காலம். அவனால் வர இயலவில்லை. அதை என் அறிவு ஒப்பியது. ஆனால் அன்று மாலை தொலைபேசியில் அவன் அழவில்லை. "சாப்பிட்டீங்களா, வாப்பா?" என்று மட்டும் வறண்ட குரலில் கேட்டான். அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. அதன்பின் எங்கள் பேச்சு சலாமும் சுகவிசாரிப்புமாகச் சுருங்கிப் போயிற்று.

எல்லெஸ்மியர் என்னும் சிற்றூரில் படகேறினோம். நீளம் ஐம்பது அடிக்கு மேல். அகலமோ ஏழடிக்கும் குறைவு. குதிரைகள் கரையில் நடந்து சரக்குப் படகுகளை இழுத்த காலத்தில் கட்டிய 'லாக்'குகளின் அகலம்தான் இன்றும் படகின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே கட்டில், அடுப்பு, மருமகள் கொடுத்தனுப்பிய சோறும் ஆணமும். தொட்டித் தண்ணீர் தீர்ந்தால் குழாய் உள்ள கரை வரும்வரை காத்திருக்க வேண்டும்; ஒளுச் செய்வதில் இத்தனை சிக்கனத்தை நான் எந்நாளும் கண்டதில்லை.

"இடப்பக்கம் திரும்பணும்னா சுக்கானை வலப்பக்கம் தள்ளணும், வாப்பா." என் பாட்டனார் தோணியில் கொழும்பு சென்று வந்தவர். அவருடைய பேரனுக்கா பாடம்? தலையாட்டினேன். ஐந்தாம் நிமிடம் படகு நாணற்புதருக்குள் மூக்கை நுழைத்தது. மகன் சிரிக்கவில்லை, கழியால் கரையை உந்தித் தள்ளினான். சிரித்திருக்கலாம்.

நியூ மார்ட்டனில் இரண்டு லாக்குகள். கீழ்க்கதவு மூடியதும் மகன் மேலே நின்று இரும்புக் கைப்பிடியால் மடையைத் திறந்தான். ஈரச் சுவர்களுக்கிடையே ஆழத்தில் நின்ற நான், நீர் ஏற ஏறப் படகோடு உயர்ந்து, அவன் முகத்துக்கு நேரே வந்து சேர்ந்தேன். அவன் தாடியில் நரை தெரிந்தது. ஊரில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

கால்வாய் வளைந்து வளைந்து செல்வதால் கிப்லாவும் படகுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆகவே வக்து வந்தால் கரையில் முளை அடித்துப் படகைக் கட்டிவிட்டுத் தென்கிழக்கு நோக்கிப் புல்லில் தொழுவோம்.

இரண்டாம் நாள் பிற்பகல் போன்ட்கசுல்த்தே நீர்ப்பாலம் வந்தது. தெல்ஃபோர்டும் ஜெஸ்ஸப்பும் எழுப்பி 1805ல் திறந்தது. டீ நதிக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தொட்டிக்குள் கால்வாய் ஓடுகிறது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டுமே. அதற்கப்பால் வெறும் ஆகாயம். என் கை நடுங்கிற்று. மகன் தன் கையை என் கைமேல் வைத்தான். அக்கரை சேரும்வரை எடுக்கவில்லை.

சற்றுத் தொலைவு சென்று அஸருக்காகப் படகைக் கட்டினோம். முஸல்லாவை விரித்தபடியே அவன் சொன்னான்:

"பர்மிங்காமிலும் இப்படிக் கால்வாய்க்கரை இருக்கு, வாப்பா. அன்னைக்குப் பள்ளிவாசலெல்லாம் பூட்டியிருந்தது. அடக்கியாச்சுன்னு மச்சான் சொன்னதும், பிள்ளைகள் பயந்துடக் கூடாதேன்னு அங்கே போய்த்தான் உம்மாவுக்குக் காயிப் ஜனாஸா தொழுதேன். நான் ஒருத்தன்தான். அழுது முடிச்சிட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க தனியா இருக்கீங்களே, யார் சோறு போட்டாங்கன்னு ஒரே நினைப்பு."

எனக்குப் பேச்சு எழவில்லை. அவனை முன்னே நிற்கும்படி கைகாட்டினேன். அவன் தயங்கினான், தோளைப் பிடித்து முன்னே நிறுத்தி, அவன் வலப்புறம் சற்றுப் பின்வாங்கி நின்றேன்.

சலாம் கொடுத்துத் திரும்பினால், நான் அடித்த முளை பிடுங்கிக்கொண்டு, படகின் முனை நடுக்கால்வாயை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. "வாப்பா, கயிறு!" என்று கத்திக்கொண்டு அவன் ஓடினான். இம்முறை சிரித்தான்.