துருசும் லப்பமும்

போடிநாயக்கனூரில் ஒரு வண்டியின் டேங்கைப் பார்த்தே, அது ஊருக்குள் ஓடுவதா மலை ஏறுவதா என்று சொல்லிவிடுகிறார்கள். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு வெயில்தான் எதிரி. சிவப்பு வெளுத்து ரோஸாகும், கறுப்பு சாம்பல் பூக்கும். மலை ஏறும் வண்டி அடியிலிருந்து அழியும். டேங்கின் கீழ் விளிம்பிலும் மட்கார்டின் உள்பக்கத்திலும் பெயிண்ட் கொப்பளித்து நிற்கும். விரலால் அழுத்தினால் துருவோடு உதிரும்.

ஈரம் ஒரு காரணம். இன்னொன்று ஏலத்தோட்டத்து மருந்து. மழைக்காலத்தில் ஏலக்காய்ச் செடிக்கு வரும் அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பார்கள். தாமிர உப்பான துருசையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றுவது. கலவை சரியா என்று பார்க்கப் பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். தாமிரம் இரும்பின் மேல் ஏறிக்கொள்ள, அந்த அளவுக்கு இரும்பு கரைந்து போகும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் துருசு மூட்டையையும் மருந்துக் கேனையும் கட்டிக்கொண்டு பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் போகிறவர்களின் வண்டியில், கீறல் விழுந்த இடமெல்லாம் இந்தக் கத்தி சோதனைதான் தினமும் நடக்கிறது.

இதை எனக்கு விளக்கியவர் முந்தல் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டின் பின்கொட்டகையில் வண்டி பாகங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பெயர் போட வேண்டாம் என்றார். வாசலில் போர்டு கிடையாது. "ஊருக்கெல்லாம் போர்டு எழுதுனவன் சார் நான். எனக்கு நானே எழுதிக்கிட எங்க நேரம்?" என்றார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடைப் பெயர், சுவர் விளம்பரம், ஜீப்பின் பின்னால் சாமி பெயர் எல்லாம் அவர் கை எழுத்துதான். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தமிழ்நாடு முழுக்க அந்தத் தொழில்காரர்களுக்கு நடந்தது இவருக்கும் நடந்தது. சிலர் கட்டட பெயிண்டிங்குக்குப் போனார்கள், இவர் வண்டிக்கு வந்தார்.

கொட்டகை என்றால் மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் ஈரச் சாக்குப் படுதா. தரையைத் தண்ணீர் தெளித்தே வைத்திருக்கிறார்கள், தூசி எழும்பாமல் இருக்க. கொடிக்கம்பியில் கொக்கி போட்டு மட்கார்டு, ஹெட்லைட் டூம், செயின் கவர் எல்லாம் தொங்குகின்றன. அவர் அக்கா காயப்போட்ட துணி அதே கம்பியின் மறுமுனையில். ஸ்பிரே அடிக்கும் முன் துணியை எடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டின் சட்டம். மீறியதால் ஒரு வெள்ளை வேட்டி பட்ட பாட்டை அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் போனபோது ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 டேங்க் மேசையில் இருந்தது. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. அதன் பழைய டேங்குக்கு இன்றைக்கும் இளவட்டங்கள் அலைகிறார்கள். மலையில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பீகாக் ப்ளூ வேண்டுமாம். டேங்கின் மேல் ஏற்கெனவே மூன்று நிறம். ரிமூவர் தடவியதும் பெயிண்ட் சுருண்டு எழுந்தது. உதவிக்கு இருந்த அக்காள் மகன் தகட்டால் வழித்தான். கறுப்பு, அடியில் ஒரு சிவப்பு, அதற்கும் அடியில் கம்பெனி பிரைமர். வலது முழங்கால் படும் இடத்தில் மட்டும் பிரைமர் இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு லப்பம். முன்பு யாரோ துருவைச் சுரண்டாமலே மேலே லப்பம் அப்பி மூடியிருக்கிறார்கள். தட்டினால் அந்த இடம் மட்டும் செத்த சத்தம் கொடுத்தது.

"இதான் சார் ஊர் பூரா நடக்குறது. கஸ்டமர் பாக்குறது மேல மினுமினுப்பு. அடியில கழுவுறதுக்குக் காசு கேட்டா மூஞ்சி சுருங்கும்" என்றார். லப்பத்தைப் பெயர்த்ததும் உள்ளே குழி, குழிக்குள் ஊசிமுனை ஓட்டை. வெல்டிங் என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. பெட்ரோலை வடித்துவிட்டாலும் டேங்குக்குள் ஆவி நிற்கும். காலி டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்து. பெட்ரோல் காக்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ஓட்டை இருக்கும் பக்கம் மட்டும் மேலே வருமாறு சாய்த்து வைத்துத்தான் ஈயம் பற்றவைக்கக் கொடுக்கிறார். இப்போது வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுக்கும். மலையில் மாதக்கணக்கில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டிகள் உள்ளிருந்தும் துருப்பிடிக்கின்றன என்பது அவர் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு வாட்டர் பேப்பர். 120, 220, 400 என்று ஏறிக்கொண்டே போவது. லப்பம் வைத்துத் தேய்த்தபின் கண்ணால் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டுகிறார். மேடு இருந்தால் கை சொல்லும். நான் தடவிப் பார்த்தேன், எனக்கு எல்லாம் சமமாகவே இருந்தது. அவர் அதே இடத்தில் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டார்.

இந்தத் தொழிலில் நிறம் கடைசிப் பங்கு என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். முதல் பங்கு காற்று. அதுவும் போடிக் காற்று.

ஆனி, ஆடியில் மேற்கே கணவாய் வழியாக இறங்கும் காற்று தேனி மாவட்டத்துக் காற்றாலைகளைச் சுற்றவைக்கும். இவர் கொட்டகைக்கு அது மண்ணைக் கொண்டுவரும். ஈரப் பெயிண்டில் ஒரு மண் துகள் ஒட்டினால் காய்ந்தபின் முகப்பரு மாதிரி நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மண் அடங்கும், ஈரம் ஏறும். அப்போது வருவது வேறு வியாதி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சில்லிட்ட தகட்டில் காற்றிலிருக்கும் ஈரம் பனியாக இறங்கி, காயாத பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கறுப்பு அடித்த டேங்க் கண்ணெதிரிலேயே பால் தெளித்தாற்போல் வெளுக்கும். பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டில் இது அதிகம். தகட்டின் சூடு, பனி இறங்கும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிற்சாலைகளின் கணக்கு. இவரிடம் அதற்குக் கருவி இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கொட்டகையில் வைக்கிறார். டம்ளரின் வெளிப்பக்கம் வேர்த்தால் அன்றைக்கு ஸ்பிரே கன்னைத் தொடுவதில்லை. நெருக்கடி என்றால் ரிடார்டர் கலந்து தின்னரைப் பைய ஆவியாகவைப்பார், தகட்டை வெயிலில் போட்டுச் சூடேற்றிக்கொள்வார். கம்ப்ரஸருக்குள்ளும் இதே ஈரம் சேரும். காலையில் முதல் வேலை அதன் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது. மறந்தால் கன்னிலிருந்து பெயிண்டோடு தண்ணீரும் சேர்ந்து துப்பும்.

நல்ல மாதம் மாசி, பங்குனி. அப்போது வேலை வராது. ஏலக்காய் பறிப்பு ஆடி, ஆவணியில் தொடங்கித் தை வரை இழுக்கும். போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மையங்களில் நடக்கும் ஏலம் சூடு பிடிப்பதும், அதிகாலையில் ஜீப் ஜீப்பாகப் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆட்கள் ஏறுவதும், கையில் கூலியும் போனஸும் புழங்குவதும் அந்த மாதங்களில்தான். ஆயுத பூஜைக்கு வண்டி புதுசாக நிற்க வேண்டும், தீபாவளிக்கு நிற்க வேண்டும். பணம் வரும்போது வெயில் இல்லை, வெயில் வரும்போது பணம் இல்லை. இதற்கு அவர் கண்ட வழி, மாசியில் சும்மா இருக்கும் நாட்களில் பழைய டேங்குகளை வாங்கிச் சுத்தம் செய்து பிரைமர்வரை அடித்து அடுக்கி வைத்துவிடுவது. சீசனில் வந்து நிற்பவனுக்கு அவன் டேங்கை வாங்கிக்கொண்டு இதைக் கொடுக்கலாம். பாதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. "எங்கப்பா ஓட்டுன டேங்க்குண்ணே" என்பார்கள்.

பூஜையே இன்னொரு தலைவலி. டேங்கில் வைத்த சந்தனம், குங்குமம் கறை விடும்; எண்ணெய்க் கை பட்ட இடத்தில் புதுப் பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் போல் விலகும். டயர் மினுக்க அடிக்கும் சிலிக்கான் பாலிஷ் அதைவிட மோசம்.

மறுமுறை போனபோது ஒரு புல்லட் டேங்கில் தங்கக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். 1950களில் சென்னையில் உற்பத்தி தொடங்கியதிலிருந்து புல்லட்டின் அடையாளமே அந்தக் கோடுதான். கம்பெனியிலும் அதைக் கையாலேயே இழுத்தார்கள். நீளமான அணில்முடிப் பிரஷ். முடியைப் பெயிண்டில் தோய்த்து ஒரு தகரத் துண்டில் இரண்டு பக்கமும் நீவித் தட்டையாக்கினார். சுண்டுவிரலை டேங்கின் விளிம்பில் ஊன்றிக்கொண்டார், மூச்சைப் பிடித்தார். கை நகரவில்லை, முழு உடம்பும் இடுப்பிலிருந்து நகர்ந்தது. டேங்கின் முகப்பிலிருந்து சீட் வரை ஒரே இழுப்பு. வளைவில் பிரஷைத் துளி உருட்டினார், கோடு தடிக்கவில்லை. டேப் ஒட்டி அடிக்கலாமே என்றேன். "அடிக்கலாம். டேப்பை உரிச்சா ஓரத்துல படி நிக்கும், நகத்துல தெரியும்" என்றார். சுவரில் ஓரடி எழுத்து எழுதிய பழக்கம் அந்த இடுப்பில் இருக்கிறது. அக்காள் மகனுக்கு ஸ்பிரே வருகிறது, கோடு வரவில்லை. தேனியில் ஸ்டிக்கர் கடைக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காரணம் அவன் முகத்தில் கட்டியிருந்த கைக்குட்டை. பெட்ரோல் சிந்தினாலும் கரையாத பியு (பாலியூரிதேன்) பெயிண்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு முட்டும். கைக்குட்டை தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. மஞ்சள் பெயிண்டில் வேறு கதை. நெடுங்காலமாக மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்தான் நிறமி. 2016இல் அறிவித்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் கட்டியது, ஆனால் அது வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயிண்டுக்கு மட்டும். பழைய மஞ்சளை உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும் என்று இவருக்குத் தெரியும். சுவர் எழுதிய காலத்தில் யாரும் சொல்லவில்லை என்றார். கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் ஒன்று ஆணியில் தொங்குகிறது. கண்ணாடியில் வேர்வை கட்டி நிறம் தெரியாமல் போகிறது என்று மாட்டுவதில்லை. இதில் மட்டும் நான் அவரோடு சண்டையே போட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஆர்எக்ஸ் பையன் வந்தான். டேங்க் இன்னும் பிரைமரில்தான் இருந்தது.

"என்னண்ணே, நாளைக்குத் தர்றேன்னீங்க?"

"டம்ளர் வேர்க்குதுடா. ஆமா, ஆர்சில என்ன கலரு போட்டிருக்கு?"

"கறுப்பு."

"நீ நீலம் கேக்குற. ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தியா?"

பையன் தலையைச் சொறிந்தான். டிஎன் 60 வண்டி, தேனிக்குத்தான் போக வேண்டும். மேலே கேரளா எல்லையில் செக்போஸ்டில் ஆர்சியைக் கேட்டு நிறத்தை ஒப்பிட்டால் நிற்கவேண்டியது அவன்தான். இவரிடம் வரும் கேஎல் 06 வண்டிக்காரர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் கன்னை எடுக்கிறார்.

"அப்ப கறுப்பே அடிச்சிருங்கண்ணே."

"கறுப்புன்னா இன்னும் நல்ல வெயில் வேணும். வெளுத்துச்சுன்னா அதுலதான் பளிச்சுனு தெரியும். ஞாயித்துக்கிழமை ஒரு போன் பண்ணிட்டு வா."