எட்டு டிக்கெட்டுகள்

பம்மலிலிருந்து வந்த அந்த ஆசிரியை, தாம்பரத்தில் என் அலுவலக மேசைமேல் எட்டு விமான டிக்கெட்டுகளின் பிரிண்டை விரித்துவைத்தார். நான்கு மாதத்துக்கு, போக வர. சொந்த ஊரில் தனியாக இருந்த அவருடைய அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மாதம் ஒருமுறை குரோம்பேட்டையில் டாக்டரிடம் காட்ட வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம்தான் அவரால் உட்கார முடியும். பஸ்ஸுக்கு ஏழு மணி நேரம். அதனால், சிறு ஊர்களுக்கும் குறைந்த கட்டணத்தில் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் வந்த சிறு விமானத்தை நம்பினார்கள். முதல் பயணத்துக்கு முந்தின இரவு ரத்து என்று எஸ்எம்எஸ். பெரியவர் அதைப் பார்க்காமல் விடியற்காலையில் விமான நிலைய வாசலில் போய் நின்றிருக்கிறார். அந்த வாரமே வழித்தடத்தையே நிறுத்திவிட்டார்கள். நிறுவனத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் இங்கே வேண்டாம்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்தோம்.

எட்டு டிக்கெட்டின் பணமும் முழுதாகத் திரும்பி வந்துவிட்டதே, பிறகென்ன குறை என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியும் அவர் பக்கமே சாய்ந்தது. முன்னறிவிப்பின்றி ரத்தானால், ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு 5,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் இழப்பீடு. அதாவது, ஏழைக்கும் எட்டட்டும் என்று கட்டணத்தைக் குறைத்த அதே விமானத்தில், பயணியின் இழப்பீடும் கூடவே குறைந்துவிடுகிறது. அந்த எஸ்எம்எஸ் முன்னறிவிப்பு ஆகுமா என்பதிலேயே இரண்டு வாய்தா போனது.

ஆள் ஏறாத தடத்தில் நஷ்டத்துக்கு ஓட்டு என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று அவர் கேட்டபோது என்னிடம் நேரான பதில் இல்லை. 2017-இல் முதல் விமானம் பறந்த உடானில், ஏறத்தாழ பாதி இருக்கைகளுக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று தொடக்கத்தில் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். இழப்பை மூன்று ஆண்டு அரசு ஈடுகட்டும். அதுவரை அந்தத் தடத்தில் போட்டி கிடையாது. போட்டியெல்லாம் ஏலத்தோடு சரி. குறைந்த மானியம் கேட்டவருக்கே தடம். செலவைக் குறைத்து மதிப்பிட்டவர் அங்கே ஜெயிக்கலாம். பறக்க ஆரம்பித்த பிறகு எரிபொருளும் வாடகையும் அவரை விடாது. தடத்தை ஓட்டுவேன் என்ற உறுதிமொழியும் அரசுக்குக் கொடுத்தது. மீறினால் வங்கி உத்தரவாதம் போகும் இடமும் அரசே. பயணி அந்த ஒப்பந்தத்தில் ஆளே இல்லை.

நான் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: தடம் தள்ளாடுவது தெரிந்தே நான்கு மாதத்துக்கு முன்பணம் வாங்கியது நேர்மையற்ற வணிகம். நிரூபிக்க, எத்தனை பேர் பறந்தார்கள் என்ற கணக்கு வேண்டும். ஆவணங்களைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு மனுப் போட்டேன். வணிக ரகசியம் என்று பதில் வந்தது, மனு தள்ளுபடியானது.

உடான் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2023-இல்தான் வந்தது. முதல் மூன்று ஏலச் சுற்றுகளில் ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-இல் மூன்றாண்டைக் கடந்தவை 112. அதற்குப் பிறகும் நிலைத்தவை, 2023 மார்ச்சில், வெறும் 54. சேலத்துக்கும் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் நிறுவனத்தின் விமானம் வந்து, 2021-இல் நின்று, 2023 அக்டோபரில்தான் சென்னையிலிருந்து மறுபடி விமானம் போனது. இந்த எண்கள் அன்று கையில் இருந்திருந்தால் என் மனுவை இன்னும் அழுத்தமாக வாதாடியிருப்பேன்.

தீர்ப்பில், விமான நிலைய வாசலில் நின்ற அந்த ஒரு காலைக்காக மன உளைச்சலுக்கு 15,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 3,000 ரூபாயும் கிடைத்தன. மற்ற ஏழு டிக்கெட்டுகள் பற்றி, பணம் திரும்பியதால் சேவைக் குறைபாடு இல்லை என்று ஒரே வரி.

காசோலையைக் கொடுக்க பம்மலுக்கு நானே போனேன். பெரியவர் ஊர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு வந்துவிட்டிருந்தார். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்குமேல் போனபோது பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். சத்தம் அடங்கியதும், "நம்ம ஊருக்கு மறுபடி விடுவாங்களா தம்பி?" என்று கேட்டார்.