நுவர வேற, நுவரெலியா வேற

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து ஒல்கொட் மாவத்தை வழியா கொஞ்சத் தூரம் நடந்தா பெஸ்டியன் மாவத்தை. சின்னத் தெருதான். ஆனா காலி, மாத்தறை, கண்டி, நுவரெலியா என்று பாதி நாட்டுக்கான தனியார் பஸ்கள் இங்கிருந்து கிளம்புது.

1958இல் பஸ் சேவை அரசுடைமையானது. 1979இல் தனியார் பஸ்களுக்குத் திரும்பவும் இடம் கிடைத்தது. புறக்கோட்டையில் இ.போ.ச.வுக்கு ஒரு நிலையம், தனியாருக்கு வேறு நிலையங்கள் என்று இருப்பது இதனால்தான். ஆனா மூட்டையோட வந்து இறங்குற ஒருத்தருக்கு இந்த வரலாறு எதுக்கு? நம்ம பஸ் எங்க நிக்குதுன்னு தெரிஞ்சா போதும்.

அதுதான் சிக்கலே. கொழும்பில் படிக்கிற மலையகப் பிள்ளைகளான நாங்க, புதுசா வாற தம்பி தங்கச்சிமாருக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது: "நுவர, நுவர என்று கத்தினா ஏறிடாதீங்க. அது கண்டி பஸ்." சிங்களத்தில் நுவர என்றால் நகரம். பேச்சில் அது கண்டியைத்தான் குறிக்கும். அவசரத்தில் காதில் விழுறது பாதிச் சொல்தானே! அதனால இலக்கத்தைப் பார்க்கச் சொல்றோம். 1 என்றால் கண்டி, 79 என்றால் நுவரெலியா. இலக்கத்துக்கு மொழி தேவையில்லை.

பக்கத்தில்தான் பழைய மெனிங் சந்தை. 2020 கடைசியில் மொத்த வியாபாரம் பேலியகொடைக்குப் போகும்வரை நுவரெலியா லீக்ஸும் கரட்டும் இங்கதான் வந்து இறங்கின. எங்க ஆட்களும் அதே பாதையில் வந்தவங்கதான். கடை வேலைக்கு, வீட்டு வேலைக்கு, இப்ப கெம்பஸுக்கு. தீபாவளிக்கு முதல்நாள் எல்லாரும் இந்தத் தெருவில்தான் நெருக்கியடிச்சு நிக்கிறோம்.

நாங்க எப்படியோ சமாளிச்சிடுவோம். சிங்களத்தில் நாலு வார்த்தை பேசுவோம், ஃபோனைப் பார்ப்போம். ஆனா பிள்ளையைப் பார்க்கத் தனியா வாற அம்மாவுக்கு? தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச அவங்க, பலகையில் பெரிசா இருக்கிற சிங்களத்துக்குக் கீழ தமிழைத் தேடணும். சில பஸ்ஸில் அது கண்ணுக்கே தெரியாது. தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொன்னது. அந்தச் சட்டம் ஒவ்வொரு பஸ் நிக்கிற இடத்திலும் மூன்று மொழியிலும் ஒரே அளவு எழுத்தா வரணும். அதுவரைக்கும் அம்மாமாருக்கு நாங்க துண்டுக் கடதாசியில் 79 என்று எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருப்போம்.