சிம்னிக்கு முன்னாடி ஒரு ஆனந்தபைரவி

மக்களே, ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனால இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடக்கு. (மணலிக்காரன் பக்கத்துல தூசி இல்லாட்டிதான் ஆச்சரியப்படணும் :-)) இன்னிக்கு மியூசிக் வீடியோ பத்தி கொஞ்சம் பேசலாம்னு வந்திருக்கேன். குறிப்பா ஒரே ஒரு வீடியோ பத்தி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் சுத்தி வளைக்கணும், பொறுத்துக்குங்க.

நம்ம ஊருக்கு மியூசிக் வீடியோன்னு தனியா ஒண்ணு ரொம்ப நாள் தேவைப்படல. சினிமாவே அஞ்சு பாட்டு கொடுத்துட்டு இருந்துச்சு. வெளிநாட்டுல 1981-ல எம்டிவி வந்து பாட்டுக்குப் படம் எடுக்குறதை ஒரு தொழிலாவே மாத்தினப்ப, நாம ஏற்கெனவே பல வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருந்தோம். நடுவுல 1997-ல ரஹ்மானோட 'வந்தே மாதரம்' மாதிரி சிலது வந்துச்சு. 2011 நவம்பர்ல 'கொலவெறி' வந்து கதையை மாத்திடுச்சு. ஸ்டுடியோ, காதுல ஹெட்போன், முன்னாடி மைக்கு, தனுஷ் பாடுறார், சுத்தி நாலு பேர் சிரிக்கிறாங்க. அவ்ளோதான் வீடியோ. செலவுன்னு பார்த்தா பெருசா ஒண்ணும் இல்ல. அதுக்கப்புறம் பாட்டு போட்ட ஒவ்வொருத்தரும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. அந்த ஸ்டைல் இன்னும் முழுசா சாகல.

2022-ல எங்கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் தனிப்பாட்டு ஒண்ணு எடுத்தார். காதல் தோல்வி பாட்டு (வேற என்ன?). "மச்சி, உங்க ஊரு செம லொகேஷன்டா, சாயங்காலம் அந்த சிம்னி எல்லாம் வச்சு எடுத்தா ரா-வா இருக்கும்"னு கேமராவைத் தூக்கிட்டு மணலிக்கே வந்துட்டார். நான் உள்ளூர் ஆள்ங்கறதால எனக்கு ஸ்பீக்கர் புடிக்கிற வேலை. அந்த ஒரு நாள்ல நான் கத்துக்கிட்டது நிறைய.

முதல் விஷயம், பாட்டு முன்னாடியே ரெக்கார்ட் ஆயிடும். ஸ்பாட்ல அதை ஸ்பீக்கர்ல ஓடவிட்டு வாயசைக்கணும். கேமராவுல இருக்குற சின்ன மைக்கு அந்த ஸ்பீக்கர் சத்தத்தைப் பதிஞ்சு வச்சுக்கும். அது நாம கேக்குறதுக்கு இல்ல. எடிட்டிங்ல ஸ்டுடியோ ஆடியோவோட அலையையும் இந்த அலையையும் பொருத்திப் பார்த்து உதட்டை இடத்துல உக்கார வைக்கிறதுக்கு. எங்க ரோட்டுல கண்டெய்னர் லாரி ஹார்ன் அடிச்சு அடிச்சு அந்த அலையே தெரியாம போச்சு, எடிட் பண்ணினவர் எங்க ஊரையே திட்டினாராம்.

ரெண்டாவது விஷயம் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஸ்லோமோஷன்ல ஒருத்தர் நடந்து வருவார், பின்னாடி எல்லாம் மெதுவா அசையும், ஆனா உதடு மட்டும் பாட்டோட சரியா ஓடும், பார்த்திருப்பீங்க. எப்படின்னா, செகண்டுக்கு 48 ஃப்ரேம் எடுப்பாங்க. அப்ப ஸ்பாட்ல பாட்டை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிடுவாங்க. ஹீரோ மூச்சு வாங்க வாங்க வேகமா வாயசைப்பார். அப்புறம் அதையே 24 ஃப்ரேமா ஓட்டினா உதடு சரியான வேகத்துக்கு வந்துடும், உலகம் மட்டும் பாதி வேகத்துல நகரும். காதல் தோல்வி பாட்டு டபுள் ஸ்பீடுல எலிக்குஞ்சு கத்துற மாதிரி கேக்கும். அதுக்கு சோகமா முகத்தை வச்சுக்கணும். அந்தப் பையன் நிஜமாவே நல்ல நடிகன்.

மூணாவதுதான் இந்தப் பதிவுக்கான காரணம். நண்பர் 85 எம்எம் லென்ஸ் மாட்டி, எஃப் 1.8-ல திறந்து வச்சு எடுத்தார். முகம் கத்தி மாதிரி துல்லியம். பின்னாடி இருந்த மொத்த மணலியும் கரைஞ்சு ஆரஞ்சு கலர் உருண்டையா ஆயிடுச்சு. ராத்திரியெல்லாம் எரியுற அந்த ஃப்ளேர் நெருப்பு, பார்க்கிறதுக்கு தீபாவளி சீரியல் லைட்டு மாதிரி அழகா இருந்துச்சு. கலர் கரெக்ஷன்ல வானத்தை இன்னும் கொஞ்சம் பழுப்பாக்கினாங்க. எங்க அப்பா முப்பது வருஷம் இந்தப் பக்கத்துல கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். மானிட்டரைப் பார்த்துட்டு, "வானம் அந்தக் கலர்ல இருந்தா அன்னிக்கு ஜன்னலைச் சாத்திடணும்டா"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

நண்பரைக் குறை சொல்லல. சினிமாவும் இதைத்தான் பண்ணுது. வடசென்னைன்னா கண்டெய்னர், துரு, புகை, அதுக்கு முன்னாடி ஒருத்தன் ஸ்லோமோஷன்ல நடக்கணும். இடம் கெத்துக்கு மட்டும்.

இப்ப அந்த வீடியோவுக்கு வர்றேன். 'சென்னை பொறம்போக்கு பாடல்', 2017 ஜனவரி, பொங்கல் சமயம் வந்துச்சு. நான் அப்ப இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அதே மாசம் மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காக கூட்டம் சேர்ந்ததால ஊரே அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. எனக்கு ஹாஸ்டல்ல ஒருத்தன் லிங்க் அனுப்பினான், "உங்க ஏரியாடா"ன்னு ஒரே வரி. திறந்தா டி.எம்.கிருஷ்ணா. கர்நாடக சங்கீதம். எண்ணூர் முகத்துவாரம். பின்னாடி அனல்மின் நிலையம்.

பாட்டு எழுதினவர் கபேர் வாசுகி. சுத்தமான மெட்ராஸ் பாஷை. மெட்டு அமைச்சவர் ஆர்.கே.ஸ்ரீராம்குமார். ஆனந்தபைரவியில ஆரம்பிச்சு சிந்துபைரவியில முடியுற ராகமாலிகை. ஏறக்குறைய ஒன்பது நிமிஷம். இயக்கினவர் ரதீந்திரன் பிரசாத்.

இவர் பேர் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? 2015-ல 'கொடைக்கானல் வோன்ட்'னு ஒரு ராப் வீடியோ வந்துச்சே, சோஃபியா அஷ்ரஃப் பாடினது, அதை எடுத்தவரும் இவர்தான். கொடைக்கானல்ல இருந்த யூனிலீவர் நிறுவனத்தோட தெர்மாமீட்டர் ஃபாக்டரி, 2001-ல மூடினது, அங்க பாதரசக் கழிவால பாதிக்கப்பட்ட தொழிலாளர்களைப் பத்தின பாட்டு. நிக்கி மினாஜோட 'அனகோண்டா' மெட்டை எடுத்துக்கிட்டு அது மேல வார்த்தையைப் போட்டாங்க. சுமார் மூணு நிமிஷம், ஆட்டம், வேகமான கட்டு. உலகம் பூரா சுத்துச்சு. கம்பெனியோட தலைமை அதிகாரியே ட்விட்டர்ல பதில் சொல்ல வேண்டியதாச்சு. 2016 மார்ச்ல 591 முன்னாள் தொழிலாளர்களோட ஒப்பந்தம் போட்டாங்க. பதினஞ்சு வருஷமா அந்தத் தொழிலாளர்கள் போராடினது இருக்கு, கோர்ட்டு கேஸ் இருக்கு. ஒரு பாட்டால எல்லாம் நடந்துச்சுன்னு சொன்னா அது அவங்களுக்குப் பண்ற அநியாயம். ஆனா கடைசித் தள்ளு அந்த வீடியோ கொடுத்ததுன்னு நான் நம்புறேன்.

சரி, ராப் இவ்வளவு வேலை செஞ்சிருக்கு. அடுத்த தடவையும் அதையே பண்ணலாம்ல? அதே இயக்குநர், பின்னால இருந்த சூழல் போராளி நித்யானந்த் ஜெயராமனும் அதே ஆள். ஆனா எண்ணூருக்கு வந்தப்ப தலைகீழா திருப்பிட்டாங்க. டான்சர் கிடையாது. மூணு நிமிஷம் ஒன்பதாச்சு. வேகம் போச்சு. எனக்கு இதுதான் பெரிய விஷயமாப் படுது. கொடைக்கானல்ல இருந்தது ஒரு மூடிய ஃபாக்டரி, ஒரு கம்பெனி, ஒரு கேள்வி. அதுக்கு ராப் சரி. எண்ணூர்ல அப்படி ஒரு வில்லனைக் காட்ட முடியாது. மின்நிலையம், துறைமுகம், சாம்பல் குட்டை, ரோடு, எல்லாம் சேர்ந்து ஒரு முகத்துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுது. கொசஸ்தலையாறு கடல்ல சேர்ற இடம் அது. அதைப் புரியவைக்க வேகமான கட்டு உதவாது. பார்க்கிறவன் அந்த இடத்துல நிக்கணும், நேரம் போகணும்.

பாடுறவரையும் மின்நிலையத்தையும் ஒரே ஃப்ரேம்ல வச்சதுதான் இதுல முக்கியமான வேலைன்னு சொல்வேன். தனியா சிம்னி ஷாட், தனியா பாடகர் ஷாட்னு வெட்டி வெட்டிக் காட்டியிருந்தா அது டாக்குமென்டரி கிளிப்பு போட்ட பாட்டாயிருக்கும். ஒரே ஃப்ரேம்ல வந்தா அந்த ஆள் சுவாசிக்கிற காத்து எதுன்னு கேள்வி தானா வரும். அதுவும் கர்நாடக சங்கீதம் முழுக்க மூச்சு சமாச்சாரம். கமகத்துக்கு உதடு மட்டும் அசைச்சா உடனே தெரிஞ்சுடும். கழுத்து, தோள், கை எல்லாம் சேர்ந்து பாடும். ஆனந்தபைரவியை டபுள் ஸ்பீடுல ஓடவிட்டு வாயசைக்கச் சொல்லிப் பாருங்க, எந்த வித்வானா இருந்தாலும் எஸ்கேப்பு! :-) ஸ்லோமோஷன் ஜிகினா இந்தப் பாட்டுக்கு ஒட்டவே ஒட்டாது.

'பொறம்போக்கு'ங்கற வார்த்தைக்கும் ஒரு வரி சொல்லிடறேன். எங்க ஊர்ல அது திட்டு. வருவாய்த்துறைக் கணக்குல, வரி போடாத பொது நிலம். ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, ஆத்தங்கரை. பொது நிலத்தோட பேரு எப்படித் திட்டு வார்த்தை ஆச்சுங்கறதுதான் பாட்டோட மையம். அதை மயிலாப்பூர் சபாவுல கேட்டுப் பழகின குரல்ல, எங்க பாஷையில கேட்டப்ப ஹாஸ்டல்ல பாதிப் பேர் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

"கர்நாடக சங்கீதத்துக்கும் வடசென்னைக்கும் என்ன சம்பந்தம், இது வெளியாள் வேலை"ன்னு அப்பவே சில பேர் சொன்னாங்க. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடி. பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில மணலி ஜமீன் முத்துகிருஷ்ண முதலியார் கூப்பிட்டு, திருவாரூர்ல இருந்து ராமஸ்வாமி தீட்சிதர் குடும்பத்தோட மணலிக்கு வந்தார். அவரோட மூத்த பையன்தான் முத்துஸ்வாமி தீட்சிதர் (1775-1835). இளவயசு இங்கதான். ஜார்ஜ் கோட்டை பேண்ட் வாத்தியத்தைக் கேட்டதும் இந்தத் தொடர்புலதான், பின்னாடி நோட்டுஸ்வரம் வந்தது அதுல இருந்து. தம்பி பாலுஸ்வாமி வெள்ளைக்காரர் கிட்ட வயலின் கத்துக்கிட்டதும் மணலி முதலியார் ஏற்பாட்டுலதான்னு சங்கீத சரித்திரம் எழுதறவங்க சொல்றாங்க. அப்பா ராமஸ்வாமி தீட்சிதர் பண்ணினது 108 ராகதாளமாலிகை, இன்னிக்கு முழுசா கிடைக்கல. கவனிச்சீங்களா, அதுவும் ராகமாலிகை! முகத்துவாரத்துல நின்னு கிருஷ்ணா பாடினப்ப அந்தச் சங்கீதம் வெளியூர்ல இருந்து வரல, சுத்திட்டு வீட்டுக்கு வந்திருக்குன்னு எனக்குத் தோணுது. (மணலியில இருபது வருஷம் இருந்தும் இதைப் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் சொல்லித் தரல. ரிஃபைனரி 1960-கள்ல வந்ததை மட்டும் சொல்லிக் கொடுத்தாங்க.)

அதுக்காக வீடியோவுல குறையே இல்லைன்னு இல்ல. ஒன்பது நிமிஷமும் குரல் ஒருத்தரோடது. முகத்துவாரத்துல இறால் புடிக்கிறவங்க அவங்க வாயால பாடினா எப்படி இருக்கும்னு ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறினப்ப கானாவுக்கு ஒரு வழி திறந்துச்சு. 2021-ல 'எஞ்சாய் எஞ்சாமி' வந்துச்சு, அறிவோட பாட்டியே வீடியோவுல வந்தாங்க, ஆனா அது அலங்காரமா கட்டின உலகம். எனக்குப் புடிச்சது எங்க பக்கத்துப் பசங்க மொட்டை மாடியில எடுக்குற கானா வீடியோ. ஒரு மொபைல், ஒரு டோலக்கு. பின்னாடி சிம்னி தெரியும், ஆனா ஸ்டைலுக்காக வச்சது இல்ல. மொட்டை மாடி அங்க இருக்கு, சிம்னி அங்க இருக்கு, வேற எங்க திருப்புவான் கேமராவை? மொபைல்ல சின்ன சென்சார்ங்கறதால பின்னணி மங்கலும் ஆகாது. எல்லாம் அப்படியே தெரியும்.

பாட்டு வந்து ரெண்டே வாரத்துல, 2017 ஜனவரி 28-ஆம் தேதி, எண்ணூர் கடல்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு. வாளியில அள்ளினாங்க, ஞாபகம் இருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மறுபடி எண்ணெய், இந்தத் தடவை முகத்துவாரத்துக்குள்ளயே. அப்ப எங்க வாட்ஸப் குரூப்ல கறுப்பா மாறின படகு, சுவர்ல எண்ணெய்க் கோடு, எல்லாம் வந்து கொட்டுச்சு. பாதி வீடியோவுக்கு யாரோ பின்னணியில சோகப் பாட்டு சேர்த்திருந்தாங்க. அம்மா எல்லாத்தையும் மியூட்டுல போட்டுப் பார்த்தாங்க.

பொறம்போக்கு பாட்டை இன்னும் பார்க்காதவங்க மொபைல்ல பார்க்காதீங்க, சின்னத் திரையில பின்னணி தெரியாது. பெரிய ஸ்க்ரீன்ல ரெண்டு தடவை பாருங்க, ரெண்டாவது தடவை பாடுறவரை விட்டுட்டு அவருக்குப் பின்னாடி மட்டும். பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. மேனேஜர் சாட்ல கூப்பிடுறார், வர்றேன்.