எல்லா வங்கிக்கும் ஒரு கவுண்டர்

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் 6000க்கு மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. எங்கள் கடைத்தெருவில் இருந்ததும் போய்விட்டது. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் செய்யலாம் என்று கடிதம் வந்தது.

மாமிக்கு அது ஒத்துவராது. தன் ஓய்வூதியக் காசைத் தானே எடுத்து எண்ணிப் பார்த்தால்தான் அவவுக்கு நிம்மதி. கிளை மூடியதும் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் மகனிடம் கொடுத்தா (வங்கிகள் இதை விரும்புவதில்லை). பிறகு கோவில் உண்டியலுக்குப் போடுவதற்கும் அவனிடம் கேட்டு நிற்கவேண்டிய நிலை.

இப்போது பக்கத்து ஊரில் ‘பாங்கிங் ஹப்’ இருக்கிறது. 2021இல் எசெக்ஸின் ரொச்ஃபோர்ட்டிலும் ஸ்கொட்லாந்தின் கம்பஸ்லாங்கிலும் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய ஏற்பாடு இது. கவுண்டரைத் தபாற்கந்தோர் நடத்துகிறது. பெரும்பாலான வங்கிகளின் வாடிக்கையாளர்கள் அங்கே காசு எடுக்கலாம், போடலாம். கணக்கைப் பற்றிக் கதைப்பதென்றால் மட்டும் உங்கள் வங்கியின் ஆள் வரும் நாளில் போகவேண்டும். மாமியின் வங்கிக்கு வியாழக்கிழமை. அதை அறியாமல் புதன்கிழமை போய் வெறுங்கையோடு திரும்பினா. பழைய கிளைக்கு இது ஈடாகாதுதான். ஆனாலும் அட்டையை மகனிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டா.

உங்கள் ஊரில் கிளையும் இல்லை, ஹப்பும் இல்லையென்றால், ஊரின் நிலைமையைப் பரிசீலிக்கும்படி ‘லிங்க்’ என்ற அமைப்பிடம் எவரும் கேட்கலாம். ஆங்கிலம் சிரமமென்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள்.