ஒற்றைக் காலில் நிற்பவர் யார்?

சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் மாலை என் மேசையின்மீது ஒரு நோட்டுப் புத்தகம் வந்து விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும்; அதைக் கொண்டுவந்த தாய் அதை வைக்கவில்லை, எறிந்தார். "சாமி, இதை நீங்களே எரித்துவிடுங்கள். நான் எரித்தால் என் மகன் என்னோடு பேச மாட்டான். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது. இவனோ இராப்பகலாக இதையே எழுதிக்கொண்டிருக்கிறான்" என்றார். அவருடைய மகனை எனக்கு நன்கு தெரியும். நான்கு ஆண்டுகளாக எங்கள் கோவிலில் பீடச் சிறுவனாக இருந்தவன். மூன்று வாரங்களாக அவன் பூசைக்கு வந்தும் பீடத்தருகே வரவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். காரணத்தை விசாரிக்கவில்லை.

அன்றிரவு செபமாலை முடிந்தபின் அந்த நோட்டைத் திறந்தேன். ஆகாத எழுத்து ஏதேனும் இருக்குமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. அப்படி ஒன்றும் இல்லை. நூற்று நாற்பது பக்கங்களும் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியவை: இந்த மனிதர் யார்?

எந்த மனிதர் என்று கேட்பீர்கள். 'ஹாஃப் லைஃப்' என்னும் கணினி விளையாட்டில் வருபவர். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டு அது. பாலைவனத்தின் நடுவே பூமிக்கடியில் ஓர் ஆய்வுக்கூடம். ஓர் ஆராய்ச்சி தவறிப்போய் வேற்றுலக உயிர்கள் உள்ளே புகுந்துவிடுகின்றன. விளையாடுபவர் கார்டன் ஃப்ரீமன் என்ற விஞ்ஞானியாக மாறி, உயிர் தப்பி வெளியேற வேண்டும். அவ்வாறு ஓடும் வழியில், கண்ணாடிக்கு அப்பாலோ எட்டாத ஒரு மேடையின் மேலோ, கோட்டும் டையும் அணிந்து கையில் பெட்டியுடன் ஒருவர் நிற்பார். பார்ப்பார், போய்விடுவார். உதவவும் மாட்டார், தடுக்கவும் மாட்டார். கதையின் முடிவில்தான் அவர் வாய் திறக்கிறார். ஒரு வேலை தருவதாகக் கூறுகிறார். மறுப்பவருக்கு வெல்ல முடியாத சண்டைதான் மிச்சம். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்திலும், 2020-இல் வந்த 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' என்ற பாகத்திலும் அவர் மீண்டும் தோன்றுகிறார். தம்மை ஏவுகின்ற மேலாளர்கள் உண்டு என்கிறார்; அவர்கள் இன்னார் என்று சொல்வதில்லை. அரசாங்க ஆள் என்று பொருள்படும் அமெரிக்கக் கொச்சை வழக்கில் ரசிகர்கள் அவரை 'ஜி மேன்' என்று அழைக்கின்றனர். கதையில் அவருக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை.

ஆகவே உலகெங்கும் இளைஞர் ஆளுக்கொரு கருத்தை வைத்து வாதாடுகின்றனர். எதிர்காலத்திலிருந்து திரும்பி வந்த ஃப்ரீமனே அவர் என்பது ஒரு கட்சி. மனித உடை தரித்த வேற்றுலகவாசி என்பது மற்றொரு கட்சி. அவர் பேசுகையில் சொற்களை இடம் மாற்றி அழுத்துவதையும், மூச்சு வாங்குவதையும் இக்கட்சியினர் சான்றாகக் காட்டுகின்றனராம். எங்கள் கோவில்பிள்ளையிடம் நான் இதை விவரித்தபோது அவர் யோசிக்கவேயில்லை. "இதில் என்ன சந்தேகம் சாமி, சாத்தான்தான்" என்று கூறிவிட்டு மெழுகுதிரிகளை எண்ணப் போய்விட்டார்.

நோட்டைப் படிக்கப் படிக்க எனக்கு வெட்கம் உண்டாயிற்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரங்களுக்கு முன் சக்கிரீஸ்தில் பீடச் சிறுவர்கள் இம்மனிதரைப் பற்றிச் சண்டையிட்டதைக் கேட்டு, மறுநாள் மறையுரையிலே அதை நகைச்சுவையாக எடுத்துச் சொல்லியிருந்தேன். "இல்லாத ஒருவன் யாரென்று கேட்டு இரவெல்லாம் விழிக்கிறார்கள்" என்றேன். மக்கள் சிரித்தனர். அப்பையனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனால் எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தனர். இத்தனைக்கும் நான் எப்படிப்பட்டவன்? மாற்கு நற்செய்தியில், ஆண்டவர் கைது செய்யப்பட்ட இரவில், போர்த்தியிருந்த துணியை விட்டுவிட்டு ஓடிய இளைஞன் யார் என்பதைப் பற்றிக் குருமடத்தில் ஒரு மாதம் ஆராய்ந்து கட்டுரை எழுதியவன். அவன் மாற்குவேதான் என்று சாதித்தவன்.

மறுநாள் அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றேன். பையன் பள்ளிக்குப் போயிருந்தான். பேச்சோடு பேச்சாக அவர் தம் கணவரைப் பற்றிச் சொன்னார். வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்குப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டாண்டுகள் பணமும் தொலைபேசி அழைப்பும் ஒழுங்காக வந்தன. பின்பு இரண்டும் நின்றுவிட்டன. சிறையில் இருப்பதாக ஒரு மைத்துனர் சொல்கிறார். அங்கே வேறொரு குடும்பம் இருப்பதாக ஊர் சொல்கிறது. இறந்துவிட்டார் என்று வெளிப்படையாக எவரும் சொல்வதில்லை. மாமியார் மட்டும் கிறிஸ்மசுக்கு வந்துவிடுவான் என்று ஆண்டுதோறும் கூறுகிறார். "இதைப் பற்றி வாய் திறந்தால் வீட்டில் சண்டைதான் சாமி. அதனால் யாரும் பேசுவதில்லை" என்றார். நோட்டை நான் எரிக்கவில்லை என்றும், பையனைச் சனிக்கிழமை என்னோடு அனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் சாமி சொல்லைத் தட்டவில்லை.

சனிக்கிழமை காலை செங்கல்பட்டிலிருந்து பேருந்து ஏறினோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லும் சாலை அது. குருமட மாணவனாக இருந்த நாளில் விடுமுறைதோறும் நான் மிதிவண்டியில் சென்ற சாலையும் அதுவே. அந்நாளில் என்னிடமும் ஒரு நோட்டு இருந்தது. மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக் காலில் நிற்கின்ற மனிதர் யார் என்பதே அதன் பொருள்.

கடற்கரைக் கோவிலைப் பார்த்துவிட்டு, இந்தப் பாறைக்கு ஐந்து நிமிடம் மட்டும் ஒதுக்குவது சுற்றுலாப் பயணிகளின் வழக்கம். எனக்கு அது எப்போதும் குறையாகவே படும். ஏறத்தாழ 29 மீட்டர் அகலமும் 13 மீட்டர் உயரமும் உடைய பாறை முகம். நடுவே இயற்கையாக அமைந்த ஒரு பிளவு. அதில் மேல்நோக்கி எழும் நாகர்கள். வலப்புறம் ஆளுயரத்தை மிஞ்சிய யானைகள். இடப்புறம் மேலே தாடியும் மீசையுமாக, விலா எலும்பு தெரிய மெலிந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் கோத்து, ஒரு காலை மடக்கி நிற்கும் தவசி. அவர் எதிரே நான்கு கரங்களுடன் சிவபெருமான், ஒரு கரத்தால் வரமளிக்கும் கோலத்தில். கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்த பல்லவர் வேலை என்பது பொதுவான கருத்து. இராசசிம்மன் காலத்தது என்று வாதிடுவோரும் உண்டு. தவசி இன்னார் என்று கூறும் கல்வெட்டு மட்டும் அங்கே இல்லை.

ஊர் மக்கள் இதை அருச்சுனன் தபசு என்கின்றனர். பாசுபதம் என்னும் படைக்கலம் வேண்டித் தவமிருந்த அருச்சுனன் கதை மகாபாரதத்தில் உள்ளது. அதைப் பாடிய பாரவி என்னும் வடமொழிக் கவிஞரின் புகழ் 634-ஆம் ஆண்டின் ஐகோளே கல்வெட்டிலேயே குறிக்கப்படுகிறது. எனவே பல்லவர் காலத்தில் அது எல்லாரும் அறிந்த கதை. 1914-இல் விக்டர் கோலுபேவ் என்னும் அறிஞர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையில், இது கங்கையைப் பூமிக்குக் கொணர்ந்த பகீரதன் என்றார். பிளவுதான் கங்கை, மேலே நீர் தேக்கிவைத்த தொட்டியின் அடையாளங்கள் உள்ளன, விழா நாளில் அந்நீரைத் திறந்துவிட்டால் நாகர்களின்மேல் உண்மையாகவே ஆறு பாயும். நம் மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களோ இரண்டையும் மறுத்து, இது சமணர் கதை என்று எழுதினார். அண்மைக் காலத்து ஆராய்ச்சியாளர் சிலர், சிலேடைக் கவியில் ஒரு சொல் இரு பொருள் தருவதுபோலச் சிற்பியே இரண்டு கதைகளையும் வேண்டுமென்று ஒன்றாக வைத்தார் என்கின்றனர்.

இவற்றையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டே போக, பையன் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். பிறகு பாறையின் முன் இடமும் வலமுமாக நடக்கத் தொடங்கினான். விளையாட்டில் அம்மனிதர் எந்தெந்த இடத்தில் எதைப் பார்த்து நிற்கிறார் என்று எழுதி வைத்திருந்தானே, அதே முறையை இங்கும் கைக்கொண்டான். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று எண்ணினான். யானைகளின் அருகே ஒரு பூனை, தவசியைப் போலவே கைகளை உயர்த்தி நிற்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தான். அதைச் சுற்றிலும் எலிகள்.

"அந்தப் பூனைக்கும் கதை உண்டு, தம்பி. கங்கைக் கரையில் தவசி வேடம் பூண்டு, நம்பி வந்த எலிகளைத் தின்ற பூனை" என்றேன்.

"கங்கைக் கரையா? அப்படியானால் பகீரதன்தானே, ஃபாதர்?"

"கதை இருப்பது மகாபாரதத்தில். அருச்சுனன் கட்சிக்காரர் விடுவார்களா?"

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். "கங்கை இறங்குவது என்றால் சிவன் சடையை விரித்துத் தாங்க வேண்டும். இங்கே அவர் சும்மா நிற்கிறார். நான் அருச்சுனன் பக்கம்" என்றான். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் தவறவிட்ட வாதம் அது. என் நோட்டில் அதற்கு விடை கிடையாது. ஆற்றங்கரையில் ஈரத் துணியைப் பிழிகின்ற மனிதனையும், குடம் சுமப்பவனையும் காட்டினேன். ஆறு இல்லாமலா இவர்கள் என்றேன். அவன் மசியவில்லை.

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, இதே காட்சியை மற்றொரு பாறையில் தொடங்கி முடிக்காமல் விட்டிருக்கின்றனர். அங்கும் தவசி நிற்கிறார். வெயில் ஏறிவிட்டதால் அங்கே அதிக நேரம் தங்கவில்லை. நிழலில் அமர்ந்து வேர்க்கடலை தின்றோம். நோட்டை அவனிடம் கொடுத்தேன். மறையுரையில் அவனைப் பற்றிப் பேசியது தவறு என்றும், அதற்காக வருந்துகிறேன் என்றும் சொன்னேன். குருவானவர் ஒருவர் பதினைந்து வயதுப் பையனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் இருவருக்குமே பழக்கமில்லாத காரியம். அவன் கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் சேர்த்தான்.

"எங்கள் அப்பாவைப் பற்றியும் இப்படி நான்கு கருத்து இருக்கிறது, ஃபாதர்" என்றான் பிறகு. "அதை மட்டும் நான் எழுதவில்லை. எழுதினால் ஏதாவது ஒன்று சரி என்று ஆகிவிடும்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்த பதிலும் ஆறுதல் அன்று. பாறையில் நிற்பவருக்காக நாம் எந்த அலுவலகத்திலும் மனுக் கொடுக்க முடியாது. செதுக்கியவர் போய் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. விளையாட்டில் வருபவரைப் பற்றி அதை உருவாக்கியவர்கள் சொன்னால் உண்டு, இல்லையேல் இல்லை. உன் தந்தைக்கோ கடவுச்சீட்டு எண் இருக்கிறது, விசாத் தாள் இருக்கிறது, கடைசியாகப் பணம் வந்த நாள் வங்கியில் பதிவாகியிருக்கிறது. இதுவரை யாராவது கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை என்றான். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பாட்டி பயப்படுகிறார்களாம்.

அடுத்த வாரம் தாயும் மகனுமாக அமர்ந்து தாள்களைத் தேடி எடுத்தனர். கடவுச்சீட்டின் நகல் திருமணச் சான்றிதழின் மடிப்பில் இருந்தது. 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதிலிருந்து இத்தகைய காரியங்களுக்குக் காஞ்சிபுரம் வரை போக வேண்டியதில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்தோம். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், அந்நாட்டு இந்தியத் தூதரகத்துக்கும் ஒவ்வொரு படி அனுப்பினோம். மனுவைத் தன் கையாலேயே எழுதியவன் பையன்தான். கட்சி எதுவும் சேராமல், தெரிந்ததை மட்டும், தேதி வரிசையில் எழுதியிருந்தான். மைத்துனர் சொன்னதும் ஊர் சொன்னதும் அதில் இல்லை. அவன் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, கடைசி அழைப்பு வந்த தேதியைத் திருத்தினார். மற்றவர் மறந்திருந்த அந்நாள் அவருக்கு நினைவிருந்தது.

இதை எழுதும்வரை மனுவுக்கு எண் வந்திருக்கிறது, பதில் வரவில்லை. பரீட்சையில் பையன் தேறிவிட்டான். கணிதத்தில் மதிப்பெண் குறைவு என்று தாய்க்கு இன்னும் வருத்தம். நோட்டை நான் திருப்பிக் கொடுத்ததிலும் அவருக்கு முழுச் சம்மதமில்லை. அவன் மறுபடியும் பீடத்துக்கு வருகிறான். சென்ற ஞாயிறன்று நான் திருவுடை அணிந்துகொண்டிருக்கையில், தூபக் கலசத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "ஃபாதர், துணி பிழிகிறவன் எந்த ஆற்றங்கரையிலும் பிழியலாம். அது கங்கை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான். மணி அடித்துவிட்டது. பூசை முடிந்து சொல்கிறேன் என்றேன்.