ஒப்பந்தக்காரர் போனார், ரயில் வந்தது

கார்டிஃப் குயின் ஸ்ட்ரீட் நிலையம். மெர்தர் டிட்வில் போகும் வண்டி வந்து நின்றது. கதவு திறப்பதற்குள் வாசலின் அடியிலிருந்து ஒரு பலகை நழுவி வெளியே வந்து, பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்த இடைவெளியை அடைத்தது. தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற பெண் முன்சக்கரத்தைத் தூக்கக்கூட இல்லை, உருட்டிக்கொண்டே ஏறிவிட்டார்.

சவுத் வேல்ஸின் பள்ளத்தாக்கு ஊர்களுக்கு 2021 மே வரை ஓடிய ‘பேசர்’ வண்டிகளில் இது நடக்காத காரியம். 1980களில் பணம் இல்லாத நேரத்தில், பஸ்ஸின் உடலமைப்பை எடுத்து நான்கு சக்கர அடிச்சட்டத்தின் மேல் ஏற்றிச் செய்தவை அவை. வளைவில் கிறீச்சிடும், தண்டவாள இணைப்புகளில் துள்ளும். சிறிது காலத்துக்கு என்று வந்தவை முப்பத்தைந்து ஆண்டு ஓடின. ஏன் அத்தனை காலம் என்று கேட்டால், பதில் எந்திரத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

பிரிட்டனில் 1990களில் ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுத்தபோது மூன்றாகப் பிரித்தார்கள். தண்டவாளம் ஒருவரிடம், ரேக்குகள் குத்தகை நிறுவனங்களிடம். வண்டியை ஓட்டும் வேலை மட்டும், இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டு, ‘ஃபிரான்சைஸ்’ என்ற பெயரில் இன்னொருவரிடம். வேல்ஸ் வட்டாரத்துக்கான ஒப்பந்தம் 2003 டிசம்பரில் 15 ஆண்டுக்கு அரைவா நிறுவனத்துக்குப் போனது. பயணிகள் எண்ணிக்கை கூடாது என்ற அனுமானத்தின் மேல் எழுதப்பட்ட ஒப்பந்தம் அது. கூட்டம் கூடாது என்றால் புது ரேக் எதற்கு? ஆகவே அதற்கு இடமே வைக்கவில்லை. கூட்டமோ ஆண்டுக்கு ஆண்டு கூடியது. காலை வண்டிகளில் ஜனங்கள் நின்றபடியே கார்டிஃபுக்கு வேலைக்குப் போனார்கள்.

2018 அக்டோபரில் தொடங்கிய அடுத்த ஒப்பந்தத்தில் வேல்ஸ் அரசு வேறு மாதிரி செய்தது. இந்த வண்டிதான் வேண்டும், இப்படித்தான் மின்கம்பி போட வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவில்லை. மணிக்கு எத்தனை வண்டி, எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டு, எப்படிச் செய்வீர்கள் என்று போட்டியாளர்களோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசியது. நான்கு பேர் போட்டியில் இருந்தார்கள். அரைவா 2017இல் விலகிக்கொண்டது. 2018 ஜனவரியில் கரில்லியன் கட்டுமான நிறுவனம் திவாலாக, அதைக் கூட்டாளியாக வைத்திருந்த அபெல்லியோவும் வெளியேறியது. மிஞ்சிய இரண்டில் கியோலிஸ்ஏமி ஜெயித்தது. 15 ஆண்டு, 500 கோடி பவுண்டு. அதில் 80 கோடி பவுண்டு ரேக்குகளுக்கு: ஸ்பெயினின் சிஏஎஃப் நிறுவனத்திடம் 77, சுவிட்சர்லாந்தின் ஸ்டாட்லரிடம் 71.

நான் ஏறியது ஸ்டாட்லரின் 756 ரகம். உள்ளே நடந்தால் நடுவில் ஒரு குட்டிப் பெட்டி வருகிறது. ஜன்னல் இல்லை, இருக்கை இல்லை, ஒரு ஆள் போகும் அளவுக்கு ஒரு சந்து மட்டும். இருபுறச் சுவருக்குள்ளும் எந்திரம். மின்கம்பி, பேட்டரி, டீசல் என்று மூன்றிலும் ஓடும் வண்டி இது. பேட்டரியும் டீசல் எஞ்சினும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கின்றன. இதன் உடன்பிறப்பான 231 ரகத்தில் அதே இடத்தில் முழுக்க டீசல் எஞ்சின்தான். சத்தத்தையும் கனத்தையும் நடுவில் ஒதுக்கிவிட்டதால், மற்ற பெட்டிகளின் தரையைத் தாழ்வாக வைக்க முடிந்திருக்கிறது. தள்ளுவண்டி தடையில்லாமல் ஏறியதன் ரகசியம் இந்தச் சந்துதான்.

வண்டி ஊரைத் தாண்டி டாஃப் ஆற்றை ஒட்டி ஏறத் தொடங்கியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலங்களைக் கவனித்தேன். இரும்பையும் நிலக்கரியையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோக, பொறியாளர் புரூனலின் மேற்பார்வையில் 1840இலும் 1841இலும் திறந்த பாதை இது. பிற்பாடு குறுக்கே எழுந்த பாலங்களில் பலவும் மின்கம்பியை மனதில் வைத்துக் கட்டியவை அல்ல. 25,000 வோல்ட் கம்பியைப் பாலத்தின் அடியில் கொண்டுபோக வேண்டுமானால், பாலத்தை இடித்து உயர்த்த வேண்டும், அல்லது தண்டவாளத்தைத் தாழ்த்த வேண்டும். பள்ளத்தாக்கு நெடுக அதைச் செய்யப் பணமும் போதாது, காலமும் போதாது.

இங்கே கண்ட வழி எளிமையானது. தாழ்வான பாலத்தின் அடியில் கம்பி தொடர்கிறது, ஆனால் அதில் மின்சாரம் இல்லை; நிரந்தரமாகப் பூமியோடு இணைத்துவிட்டார்கள். கூரையிலிருந்து கம்பியைத் தொடும் பாண்டோகிராஃபை இறக்க வேண்டியதில்லை. கம்பியை உரசிக்கொண்டே போகிறது, அந்தத் துண்டு தூரத்துக்கு மட்டும் பேட்டரி இழுக்கிறது. உள்ளே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. பேட்டரி உள்ள ரேக்கை முதலிலேயே தேர்ந்தெடுத்ததால் அந்தப் பாலங்களைத் தொடாமல் விட முடிந்தது. ரேக் ஓர் இலாகா, மின்கம்பி ஓர் இலாகா என்று தனித்தனியே டெண்டர் விட்டிருந்தால் இந்த யோசனைக்கு இடமே இருந்திருக்காது.

டாஃப்ஸ் வெல் நிலையத்தைத் தாண்டியதும் புது டிப்போ. பழைய தொழிற்பேட்டை இருந்த இடம். இந்தப் பாதைகளின் கட்டுப்பாட்டு அறையும் அங்கேதான். 36 டிராம்-ரயில்களுக்காகக் கட்டியது. ஸ்டாட்லரின் வாலென்சியா தொழிற்சாலையில் உருவானவை அவை. ரயில் பாதையிலும் ஓடும், தெருவிலும் இறங்கும். கார்டிஃப் பே பக்கம் தெருவோடு போகும் பாதைகளை மனதில் வைத்து வாங்கியது. நான் போனபோது மெர்தர் பாதையில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது 756தான். டிராம்-ரயில்கள் சோதனை ஓட்டத்தில் இருந்தன.

டிராம்-ரயில்களைப் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது வேகமும் அல்ல, அழகும் அல்ல. கழிப்பறை இல்லை என்பதுதான். என் எதிர் இருக்கைப் பெரியவரும் அதையே சொன்னார். பள்ளத்தாக்கின் மேல்முனை ஊரிலிருந்து கார்டிஃபுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். நிலையங்களில் கழிப்பறை இருக்கிறது, வண்டியும் அடிக்கடி வரும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. மெட்ரோ என்று நினைத்து வண்டி வாங்கினால் இந்தக் கணக்கு சரி. ஊருக்குப் போகும் ரயில் என்று நினைத்து ஏறுகிறவருக்கு இது தப்புக் கணக்கு. பெரியவருக்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அபர்கனன் தாண்டியதும் பாதை ஒற்றையாகிறது. மெர்தர் வேல் நிலையத்தில் கிராஸிங்; கீழே இறங்கும் வண்டிக்காக எங்கள் வண்டி காத்திருந்தது. 2009இல் வண்டி ஒதுங்கும் இந்த லூப் பாதையைப் போட்ட பிறகுதான் அரை மணிக்கு ஒரு வண்டி சாத்தியமானது. அதைவிட அடிக்கடி விட வேண்டுமானால் எத்தனை புது ரேக் வாங்கியும் பயனில்லை. இரண்டு வண்டி ஒதுங்க இன்னும் இடம் வேண்டும். கால அட்டவணையின் உண்மையான ஆசிரியர் இந்தச் சில நூறு மீட்டர் தண்டவாளம்தான். ஏற்றமும் அடுத்தடுத்த நிறுத்தங்களும் உள்ள பாதையில் மின்சார வண்டி டீசலைவிடச் சட்டென்று வேகம் பிடிப்பதால் கொஞ்சம் நிமிடம் மிச்சமாகிறது. அந்த நிமிடங்கள்தான் கிராஸிங்கில் கைகொடுக்கின்றன.

மெர்தர் நிலையம் ஒரே ஒரு பிளாட்பாரம். பழைய பெரிய நிலையம் இருந்த இடத்தில் இன்று சூப்பர் மார்க்கெட். ஏற்றமான தெருவில் நடந்து போனால் பொறியாளர் டிரெவிதிக்கின் நினைவுச் சின்னம். 1804 பிப்ரவரி 21 அன்று அவருடைய நீராவி எஞ்சின் 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு, பெனிடாரன் இரும்பாலையிலிருந்து அபர்கனன் வரை நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாக ஓடிச் சேர்ந்தது. ஆனால் குதிரை வண்டிக்காகப் போட்ட வார்ப்பிரும்புத் தகடுகள் எஞ்சினின் கனம் தாங்காமல் உடைந்தன. நல்ல எஞ்சின், பொருந்தாத பாதை. இழுவை வேலையை மறுபடி குதிரைகளே பார்த்தன.

2018 ஒப்பந்தத்தின் கதையும் நேர்க்கோட்டில் போகவில்லை. கொரோனாவில் டிக்கெட் வருமானம் சரிந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று வண்டி ஓட்டும் வேலையை வேல்ஸ் அரசே எடுத்துக்கொண்டது. 15 ஆண்டு ஒப்பந்தம் இரண்டரை ஆண்டுகூட நிற்கவில்லை. 73.8 கோடி பவுண்டு என்று தொடங்கிய பாதைப் புதுப்பிப்பு 100 கோடியைத் தாண்டியது. பள்ளத்தாக்கின் இன்னொரு பாதையான ட்ரெஹெர்பர்ட் பாதையை வேலைக்காகப் பத்து மாதம் மூடி, ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். கரியமிலக் குறைப்பைப் பற்றி மேடைதோறும் பேசும் காலத்தில் சிஏஎஃபிடம் 77 டீசல் ரேக்குகள் வாங்கியதையும் குறை சொல்லத்தான் வேண்டும். இன்னும் முப்பது ஆண்டுக்கு அவற்றைச் சட்டென்று மாற்ற முடியாது.

இத்தனைக்கும் நடுவே வண்டிகள் வந்து சேர்ந்தன. ரேக்குகளுக்கான ஆர்டர் முன்பே போட்டாகியிருந்தது. பள்ளத்தாக்குப் பாதைகள் 2020 மார்ச்சிலேயே வேல்ஸ் அரசின் நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டன. ஓட்டுகிறவர் மாறியும் திட்டம் மாறவில்லை. இங்கிலாந்தும் 2024இல் சட்டம் கொண்டுவந்து, ஃபிரான்சைஸ் முடிய முடிய ஒவ்வொன்றாக அரசின் கைக்கு எடுத்துக்கொண்டு வருகிறது. தனியாரா அரசா என்ற பட்டிமன்றம் அங்கே ஓயப்போவதில்லை. ஆனால் பேசரைப் பள்ளத்தாக்கில் நிறுத்தி வைத்தது ஓட்டுகிறவரின் பெயர் அல்ல, ஓர் அனுமானம். அடுத்த ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போட்டாலும், பயணிகள் எவ்வளவு கூடுவார்கள் என்று எழுதியிருக்கும் பக்கத்தைத்தான் ஜனங்கள் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்.